இரண்டு நாள் கழித்துக் கேள்

அன்புள்ள கண்ணு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ புனேயிலிருந்து போன் செய்தபோது ஒன்று கேட்டாய். "அம்மா, எங்க கல்யாணத்தன்னைக்கு மண்டப வாசல்ல நீயும் அப்பாவும் நின்னு எல்லாரையும் வாங்கன்னு சொல்லீருவீங்கல்ல? சௌமியா ஊட்டுக்காரங்க நம்மூட்டுக்கு வந்தப்ப நல்லாத்தானேம்மா இருந்த? அதே மாதிரி ஒரு நாள் இருந்துட்டீன்னாப் போதும்" என்றாய். நான் கொஞ்சம்கூட யோசிக்காமல், "அதுக்கென்ன கண்ணு, நின்னுருவேன்" என்று சொல்லிவிட்டேன். போனை வைத்ததும் உன் அப்பா என்னைப் பார்த்தார். ஜன்னல் திரையை இழுத்து மூடிவிட்டு, தலையணையைச் சரி செய்துவிட்டுப் போனார். நான் சொன்னது பொய் என்று அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும், உனக்கு மட்டும்தான் தெரியாது. அதனால்தான் இந்தக் கடிதம். வாசலில் என்னால் நிற்க முடியாது, கண்ணு. இதைக் கடைசிப் பக்கத்தில் ஒளித்து வைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் ஏன் முடியாது என்பதையும், முடியாததை முடியும் என்று ஏன் சொன்னேன் என்பதையும் சொல்லக் கொஞ்சம் இடம் வேண்டும். ஒரே மூச்சில் எழுத முடியாது. ஒரு நாளைக்குக் கொஞ்சம் எழுதி, கண்ணை மூடிப் படுத்து, மறுபடி எழுதுகிறேன். அங்கங்கே ஒட்டுப் போட்டது போல இருந்தால் பொறுத்துக்கொள்.

நம் பக்கத்தில் "வாங்க" என்ற ஒரு சொல்லுக்கு இருக்கிற மதிப்பை நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு வீட்டில் எத்தனை பேர் இருந்தாலும், வந்தவரை ஒவ்வொருவரும் தனித்தனியாக, முகத்தைப் பார்த்து வாங்க என்று சொல்ல வேண்டும். புருசன் சொன்னது பெண்டாட்டி சொன்னதாக ஆகாது. உன் காதுகுத்துக்கு வந்த பெரிய அத்தையை நான் வாங்க சொல்லாமல் விட்டுவிட்டேன். நீ மாமா மடியில் உட்கார்ந்துகொண்டு ஊருக்கே கேட்கிற மாதிரி கத்திக்கொண்டிருந்தாய், நான் உன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அத்தை வந்ததையே பார்க்கவில்லை. அவ்வளவுதான். "ஒரு வாங்க சொல்றதுக்கு உன்ற பொண்டாட்டிக்கு வாய் வலிக்குதாமா?" என்று அப்பாவிடம் கேட்டுவிட்டுப் போனவர், அதற்குப் பிறகு நீ பள்ளிக்கூடம் போகிற வரைக்கும் நம் வீட்டுப் படியேறவில்லை. அன்றிலிருந்து நான் தேறிவிட்டேன். வாசலில் வண்டி நிற்பதற்குள் வாங்க சொல்லிவிடுவேன். யார் எதைக் கேட்டாலும் முகம் கோணாமல் பதில் சொல்வேன். "எப்படி இருக்கறீங்க?" என்றால் "நல்லா இருக்கறனுங்க." "பரவாயில்லையா?" என்றால் "பரவாயில்லைங்க." இந்த நல்ல பழக்கம் ஒரு நோயாளிக்கு எவ்வளவு பெரிய வினையாக முடியும் என்று எனக்கு அப்போது தெரியாது.

அந்தக் காய்ச்சல் நம் வீட்டில் எல்லோருக்கும்தான் வந்தது. நீ புனேயில் வேலைக்குச் சேர்ந்த வருடம். அப்பா ஒரு வாரத்தில் எழுந்து, சட்டையை மாட்டிக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார். எனக்குக் காய்ச்சல் போனது, ஆனால் நான் திரும்பி வரவில்லை. தலை வாரக் கையைத் தூக்கினால் நடுங்கும். நின்றால் நெஞ்சு படபடக்கும். வெளிச்சம் கண்ணைக் குத்தும். பேசிக்கொண்டே இருக்கும்போது அடுத்த சொல் எங்கேயோ போய்விடும். இரவெல்லாம் தூங்கினாலும் தூங்காதவள் மாதிரி எழுவேன். எத்தனை டாக்டரைப் பார்த்திருப்போம்! ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், தைராய்டு பார்த்தார்கள். "எல்லாமே நார்மலுங்கம்மா, ஒண்ணுமே இல்லை" என்று ஒருவர் சொன்னபோது, "ரொம்ப சந்தோசமுங்க" என்று கும்பிட்டுவிட்டு வந்தேன். காரில் உட்கார்ந்த பிறகுதான் அழுதேன். பையன் வெளியூரில் இருக்கிற கவலை என்றார் ஒருவர். கோயிலுக்குப் போய் வாருங்கள் என்றார் இன்னொருவர். கடைசியில் அவினாசி ரோட்டில் ஒரு டாக்டர்தான் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இதற்கு நாள்பட்ட சோர்வு நோய் என்று பெயர், காய்ச்சலுக்குப் பிறகு சிலருக்கு இப்படி வருகிறது, ஏன் வருகிறது என்று இன்னும் யாருக்கும் முழுசாகத் தெரியாது என்றார். தெரியாது என்று ஒரு டாக்டர் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

பெயரைத்தான் பிடிக்கவில்லை. சோர்வு என்றால் யாருக்குத்தான் இல்லை? "எனக்குந்தான் அசதியா இருக்குது, நான் என்ன படுத்துட்டா இருக்கறேன்?" என்று கேட்காத ஒரம்பரை இல்லை. சொந்தக்காரர்களிடம் நோயை விளக்குவது நோயைவிடப் பெரிய வேலை. ஆனால் உண்மையாகச் சொல்கிறேன், பயமும் அழுகையும் கொஞ்சம் அடங்கிய பிறகு எனக்கு இதன்மேல் ஒரு ஆர்வம் வந்துவிட்டது. உனக்குத் தெரியும், நான் மில்லில் நூல் சோதிக்கிற அறையில் வேலை பார்த்தவள். கோனிலிருந்து நூலை எடுத்து மெஷினில் மாட்டி, அறுந்துபோகிற வரைக்கும் இழுத்து, எவ்வளவு தாங்குகிறது என்று பார்ப்பதுதான் என் வேலை. அங்கே ஒரு விதி உண்டு. வந்த நூலை உடனே சோதிக்கக் கூடாது. சூடும் ஈரமும் அளவாக இருக்கிற அறையில் அதைச் சும்மா கிடக்க விட்டு, அப்புறம்தான் மெஷினில் மாட்ட வேண்டும். இல்லையென்றால் வருகிற அளவு பொய். என்னைச் சோதித்தவர்கள் யாரும் அந்த நூலுக்கு நாங்கள் கொடுத்த மரியாதையை எனக்குக் கொடுக்கவில்லை. நம் துடியலூரிலிருந்து வெயிலில் போய், வரிசையில் உட்கார்ந்து, நல்ல சேலை கட்டி, பவுடர் போட்டு, சிரித்த முகமாகப் போய் நிற்கிறவளைப் பார்த்து நன்றாக இருக்கிறாள் என்று முடிவு செய்கிறார்கள். அதில் என் தப்பும் இருக்கிறது, டாக்டரைப் பார்க்கப் போகிறேன் என்று நான்தானே பவுடர் போட்டேன்.

படுத்துக்கொண்டே கவனிக்க ஆரம்பித்தேன். முதலில் எனக்குப் பிடிபட்டது இதுதான். நான் ஒரு வேலை செய்தால் அன்றைக்கு ஒன்றும் ஆவதில்லை. மறுநாள்கூடப் பல சமயம் ஒன்றும் ஆவதில்லை. அதற்கடுத்த நாள்தான் அடி விழும். செவ்வாய்க்கிழமை மாவாட்டினால் வியாழக்கிழமை விழுவேன். அதனால்தான் இத்தனை நாள் எதனால் விழுகிறேன் என்றே தெரியாமல், வியாழக்கிழமை சாப்பிட்ட தயிரையும் பெய்த மழையையும் பழி சொல்லிக்கொண்டிருந்தேன். உடம்பு வேலைக்கு மட்டும்தான் அப்படியா என்று பார்த்தேன். இல்லை. வருமான வரி விஷயமாக அப்பாவுக்கு உட்கார்ந்து கணக்குச் சொன்னாலும் அப்படித்தான். உன்னோடு வீடியோவில் ரொம்ப நேரம் சிரித்துப் பேசினாலும் அப்படித்தான். இந்த இரண்டு நாளும் அந்த அடி எங்கே இருக்கிறது? ரத்தத்திலா, நரம்பிலா, தசைக்குள்ளா? நான் நன்றாக இருக்கிறேன் என்று நினைத்துக் காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது உள்ளே என்ன நடந்துகொண்டிருக்கிறது? இதை நினைக்க ஆரம்பித்தால் நான் நோயாளி என்பதே எனக்கு மறந்துபோகும். பழைய சோதனை அறைக்குப் போய்விட்ட மாதிரி இருக்கும். ரொம்ப நேரம் நினைத்தால் அதற்கும் இரண்டு நாள் கழித்து விழுவேன் என்பது வேறு விஷயம்.

நேற்று இதோடு நிறுத்திவிட்டேன். இன்றைக்கு அந்த நடைப்பயிற்சிக் கதையைச் சொல்கிறேன். நீ அரைகுறையாகக் கேட்டிருப்பாய். அந்த நல்ல டாக்டரைப் பார்ப்பதற்கு முன்னால், வேறொரு டாக்டர் சொல்லி, பிசியோதெரபி செய்கிற ஒரு பெண்ணிடம் போனேன். சின்னப் பெண். சௌமியா வயதுதான் இருக்கும். கொஞ்சம் கொஞ்சமாக நடையைக் கூட்டிக்கொண்டே போனால் உடம்பு பழகிவிடும் என்பது அவள் படித்த பாடம். முதல் வாரம் நம் வீட்டிலிருந்து மளிகைக் கடை வரைக்கும். அடுத்த வாரம் பள்ளிக்கூட கேட் வரைக்கும். ஒவ்வொரு வாரமும், "எப்படி ஆன்ட்டி இருந்துச்சு? முடிஞ்சுதா?" என்று கண்ணை விரித்துக்கொண்டு அவ்வளவு ஆசையாகக் கேட்பாள். எனக்கு அவள் முகத்தைப் பார்த்தால் இல்லை என்று சொல்ல மனசு வராது. "முடிஞ்சுதுங்க கண்ணு, பரவாயில்லை" என்பேன். அவள் சந்தோஷமாக அடுத்த வாரத்துக்கு இன்னும் கொஞ்சம் தூரம் கூட்டுவாள். நடந்து வந்து நான் படுத்துக் கிடக்கிறதை அவள் பார்க்கவில்லை, நானும் சொல்லவில்லை. அப்பாதான் ஒரு நாள், "அம்மணி, நீ அந்தப் புள்ளைக்காவ நடக்கறயா, உனக்காவ நடக்கறயா?" என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. நான் என்ன சின்னப் பிள்ளையா என்றேன். "உங்களாட்ட சீக்கிரமா தேறினவங்க என்கிட்ட யாருமே இல்லை ஆன்ட்டி" என்று அவள் சொன்னதை அவரிடம் பெருமையாகச் சொல்லிக் காட்டினேன். அதற்கடுத்த வாரம் நான் பாத்ரூமிலிருந்து கட்டில் வரைக்கும் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தேன். அப்புறம் வெகு நாள் அதுவும் முடியவில்லை. நீ தீபாவளிக்கு வந்தபோது நான் எழுந்து எண்ணெய் வைக்கவில்லை என்று உனக்கு வருத்தம் இருந்தது. அது இதனால்தான்.

கதை அதோடு முடிந்திருந்தால் என் மடத்தனம் என்னோடு போயிற்று என்று விட்டிருப்பேன். இந்த நோய் உள்ளவர்களுக்குப் போனில் ஒரு குழு இருக்கிறது என்று அந்த அவினாசி ரோடு டாக்டர் சேர்த்துவிட்டார். எழுதுவதற்குத் தெம்பு இல்லாதவர்கள் பேசி அனுப்புவார்கள், கேட்பதற்குத் தெம்பு இல்லாதவர்கள் நாலு நாள் கழித்துக் கேட்பார்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அதில்தான் மரகதம் அக்கா பழக்கமானார். வெள்ளகோவில்காரர். தறி ஓட்டிக்கொண்டிருந்தவர், இப்போது அதிகம் படுக்கைதான். ஒரு நாள் போனில் பேசிக்கொண்டிருக்கும்போது சொன்னார். "நானுங்க, கோயமுத்தூர்ல மக ஊட்டுல இருந்துட்டு ஒரு புள்ளைகிட்ட நடக்கறதுக்குப் போனனுங்க. என்னால முடியலீங்கன்னு சொல்லத்தான் வாயெடுத்தேன். அந்தப் புள்ள சொல்லுது, துடியலூர்ல ஒரு ஆன்ட்டி இருக்காங்க, உங்களாட்டத்தான் படுத்த படுக்கையா வந்தாங்க, இப்ப எவ்வளவு தூரம் நடக்கறாங்க தெரியுமான்னு. அட, அவங்களே நடக்கறாங்க நமக்கென்ன கேடுன்னு நானும் நடந்துபோட்டனுங்க. அப்ப உழுந்தவதான்." நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். "அக்கா, அந்தத் துடியலூர் ஆன்ட்டி நான்தானுங்க" என்றேன். "நான் நல்லா இருக்கறேன்னு சொன்னது அத்தனையும் பொய்யுங்கக்கா. அந்தப் புள்ள மனசு நோகக் கூடாதுன்னு சொல்லிப்போட்டேன்." போனையே வைத்துவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்தேன். அப்புறம் மெதுவாக, "நானும் அப்படித்தானுங்க சொன்னேன்" என்றார். "நல்லா இருக்குதுங்கன்னு. இப்ப என்ற கதையைக் கேட்டுட்டு எவ நடந்துட்டு இருக்கறாளோ!"

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது, கண்ணு. அடக்கவே முடியவில்லை. "உங்க வாய்ல வசம்பை வெச்சுத் தேய்க்கோணுங்க" என்று அவர் திட்ட, நான் அழுதுகொண்டே சிரித்தேன். இரண்டு நாள் கழித்து இரண்டு பேரும் விழுந்து கிடந்தோம், அந்தச் சிரிப்புக்காக. ஆனால் படுத்திருந்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. மில்லில் நான் ஒரு தடவைகூடப் பொய் அளவு கொடுத்ததில்லை. சூப்பர்வைசர் முறைத்தாலும் அறுந்த நூலை அறுந்தது என்றுதான் சொல்லியிருக்கிறேன். ஏனென்றால் அந்த அளவை நம்பி எங்கேயோ ஒருவர் தறியில் பாவு ஏற்றுவார் என்று எனக்குத் தெரியும். என் உடம்பைப் பற்றி மட்டும் மரியாதைக்காகப் பொய் அளவு கொடுத்தேன். அதை நம்பி ஒரு தறிக்காரம்மா நடந்து விழுந்துவிட்டார். மரியாதை என்று நான் நினைத்ததை இன்னொருவர் உடம்பு தாங்க வேண்டியதாயிற்று. இதை நான் மறக்க விரும்பவில்லை, அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

கொஞ்சம் தெளிந்ததும் அப்பாவை வண்டி எடுக்கச் சொல்லி, அந்த நடைப்பயிற்சிப் பெண்ணைப் போய்ப் பார்த்தேன். பவுடர் போடவில்லை. நைட்டிக்கு மேலே துண்டு போட்டுக்கொண்டு, பின் சீட்டில் படுத்தபடியே போனேன். அவள் வெளியே கார் வரைக்கும் ஓடி வந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முகம் சிறுத்துப்போயிற்று. "ஏன் ஆன்ட்டி முதல்லயே சொல்லல? நான் கேட்டனே, ஒவ்வொரு வாரமும் கேட்டனே" என்றாள். அவள் கேட்டது உண்மைதான். "நீ அவ்வளவு ஆசையாக் கேட்டியே கண்ணு, அதான் சொல்ல முடியல" என்றேன். கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் கார் கதவைப் பிடித்தபடி, "அப்ப நான் எப்படிக் கேட்டிருந்தா சொல்லியிருப்பீங்க?" என்று கேட்டாள். நல்ல கேள்வி, இல்லையா? நானும் அதுவரை யோசிக்கவில்லை. நடந்த அன்றைக்கு நேரில் கேட்காதே, இரண்டு நாள் கழித்துப் போன் செய்து கேள் என்றேன். நான் படுத்திருக்கும்போது, முகம் பார்க்காமல் கேட்டால் பொய் சொல்வது கொஞ்சம் கஷ்டம். நன்றாக இருக்கிறதா என்று கேட்காதே, தலை வாரினீங்களா, சோற்றை உட்கார்ந்து சாப்பிட்டீங்களா, படுத்துக்கொண்டு சாப்பிட்டீங்களா என்று கேள். இப்போது அவள் அப்படித்தான் எல்லோரையும் கேட்கிறாளாம். இந்த நோய் என்று தெரிந்தால் நடையைக் கூட்டச் சொல்வதையும் நிறுத்திவிட்டாள். மரகதம் அக்காவுக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டாள். அவர் என்ன சொன்னார் தெரியுமா? "பரவாயில்லைங்க கண்ணு" என்றாராம்.

இந்த நடை விஷயம் நம் ஊரில் மட்டும் நடந்த கூத்து இல்லை. வெளிநாடுகளிலும் ரொம்ப காலம் இதைத்தான் வைத்தியமாகச் சொல்லியிருக்கிறார்கள். நோயாளிகள் அசையப் பயப்படுகிறார்கள், பயத்தைப் போக்கி நடக்க வைத்தால் தேறிவிடுவார்கள் என்று நம்பியிருக்கிறார்கள். இல்லை, எங்களுக்கு அதிகமாகிறது என்று நோயாளிகள் சொல்லிச் சொல்லி, சில நாடுகளில் அந்த ஆலோசனையை மாற்றிவிட்டார்களாம். இன்னொன்று கேட்டு எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போல இருந்தது. சில ஆராய்ச்சியாளர்கள் இந்த நோயாளிகளைச் சைக்கிள் மிதிக்க வைத்துச் சோதித்துவிட்டு, மறுநாள் கூப்பிட்டு அதே சோதனையைத் திரும்பச் செய்கிறார்களாம். முதல் நாள் பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியாதவர்கள்கூட மறுநாள் தேய்ந்துபோகிறார்களாம். எல்லோருக்கும் அப்படி வருகிறதா, ஏன் வருகிறது என்பதெல்லாம் இன்னும் முடிவாகவில்லை. ஆனால் ஒரே இழுப்பில் நூலைத் தெரிந்துகொள்ள முடியாது என்று யாரோ எங்கேயோ கண்டுபிடித்துவிட்டார்கள் பார். அதே சமயம் எனக்கு ஒரு சந்தேகமும் வந்தது. அந்தச் சோதனைக்குப் போகத் தெம்பு உள்ளவர்கள்தானே போகிறார்கள்? மரகதம் அக்கா மாதிரி பஸ் ஏற முடியாதவர்களை யார் சோதிப்பது? எங்கள் குழுவில் ஆராய்ச்சி செய்கிற ஒரு இளம் டாக்டர் வீடியோவில் வந்தபோது இதையே கேட்டேன். அவர் மழுப்பாமல், "இப்போதைக்கு யாரும் அதிகமா பண்றதில்லைங்க, பண்ணணும்" என்றார். நீங்கள் என்ன கண்டுபிடிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறீர்கள் என்று எங்களைக் கேட்டார். மரகதம் அக்கா இருட்டு அறையில் படுத்தபடியே, "மருந்து பொறகு கண்டுபுடிங்க தம்பி. இன்னைக்கு இவ்வளவு செஞ்சா நாளான்னைக்கு எப்படிக் கெடப்பேன்னு இன்னைக்கே சொல்ற மாதிரி ஒரு மிஷின் இருந்தாக் குடுங்க. பேத்தி காதுகுத்துக்குப் போலாமா வேண்டாமான்னு பாத்துக்கறேன்" என்றார். அந்த டாக்டர் சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டார்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். சத்தியமங்கலத்திலிருந்து சௌமியாவும் அவள் அம்மா அப்பாவும் ஒரம்பரைகளும் நம் வீடு பார்க்க வந்த அன்று நான் நன்றாகத்தான் இருந்தேன். அதற்கு முந்தின ஒரு வாரம் தலைக்குக்கூடக் குளிக்காமல் படுத்துச் சேர்த்து வைத்த தெம்பு அது. பட்டுச்சேலை கட்டினேன், வாசலில் நின்று ஒவ்வொருவரையும் வாங்க சொன்னேன், காப்பி கொடுத்தேன், சிரித்தேன். "சம்பந்தியம்மாவுக்கு ஒடம்பு முடியலைன்னாங்க, நல்லாத்தானுங்களே இருக்கறாங்க" என்று உன் மாமியார் சொன்னது என் காதில் விழுந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது, கண்ணு, அதுதான் கூத்து. நீயும் அன்றைக்கு மாலையே விமானம் ஏறிவிட்டாய். நீ பார்த்தது அந்த முதல் இழுப்பைத்தான். இரண்டு நாள் கழித்து நான் எப்படி இருந்தேன் என்பதை அப்பாவைக் கேள். அவர் ஸ்பூனில் கஞ்சி ஊட்டினார். அந்த நாளில்தான் சௌமியா போன் செய்தாள். வந்தவர்களை உபசரித்ததற்கு நன்றி சொல்லத்தான் கூப்பிட்டிருப்பாள். ஆனால் எடுத்ததும், "அத்தை, அன்னைக்கு அவ்வளவு நேரம் நின்னுட்டே இருந்தீங்களே, சமையல்கட்டுல மேடையைப் புடிச்சுட்டு நின்னதப் பாத்தனுங்க. இப்ப எப்படி இருக்கறீங்க?" என்று கேட்டாள். இத்தனை வருடத்தில் எந்த டாக்டரும் கேட்காத கேள்வியை, கேட்க வேண்டிய நாளில், ஒரு தடவை பார்த்த பெண் கேட்டாள். நான் இருட்டில் படுத்துக்கொண்டு, "எனக்கென்ன கண்ணு, நல்லா இருக்கறேன்" என்றேன். மரகதம் அக்கா விஷயமெல்லாம் நடந்து முடிந்த பிறகும் அப்படித்தான் சொன்னேன். பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போகாது போலிருக்கிறது. இத்தனை பொய்யில் எனக்கு வெட்கமாக இருக்கிற பொய் அதுதான்.

அதனால் கல்யாணத்துக்கு நான் யோசித்திருக்கிறதைச் சொல்கிறேன், கேள். மண்டபத்தில் மேடைக்குப் பக்கத்து அறையில் எனக்கு ஒரு கட்டில் போட்டுவிடு. தாலி கட்டுகிற நேரத்துக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்து கண் நிறையப் பார்ப்பேன். அட்சதை போட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வேன். முந்தின நாள் வரவேற்புக்கு வர மாட்டேன். வாசலில் அப்பாவோடு பெரிய அத்தை நிற்பார். நான்தான் கேட்டேன். "அய்யய்யோ, என்னால முடியுமா அம்மணி?" என்று சொல்லிக்கொண்டே என்ன கலர் சேலை கட்டுவது என்று அடுத்த நிமிஷம் கேட்டுவிட்டார். ஒருத்தர் விடாமல் வாங்க சொல்வார், அதில் அவரை யாரும் மிஞ்ச முடியாது. உன் மாமியார் வீட்டில் என்ன நினைப்பார்களோ என்று நீ பயப்படாதே. இந்தக் கடிதத்தையே அவர்களிடம் படிக்கக் கொடு. எங்கள் குழுவிலும் போடப் போகிறேன். கல்யாணம், காதுகுத்து என்றால் படுக்கையிலிருந்து எழுந்து பட்டுச்சேலை கட்டுகிற அம்மாக்கள் அங்கே நிறைய இருக்கிறார்கள், அவர்கள் பிள்ளைகளும் படிக்கட்டும். உனக்கு அம்மாவாக ஒரு புத்தி சொல்ல வேண்டுமென்றால் இதுதான். சௌமியா நம் பக்கத்துப் பெண், அவளும் பரவாயில்லைங்க என்று சொல்லித்தான் வளர்ந்திருப்பாள். அவள் அப்படிச் சொன்னால் அன்றைக்கு விட்டுவிடு. இரண்டு நாள் கழித்து, வேறு வேலையாக இருக்கும்போது, இன்னொரு தடவை கேள்.

எனக்குச் சரியாகிவிடுமா என்று நீ கேட்டதில்லை, கேட்கப் பயமாக இருக்கும். எனக்கும் தெரியாது. யாரோ தேடிக்கொண்டிருக்கிறார்கள், நானும் படுத்தபடி தேடிக்கொண்டிருக்கிறேன். என்னிடம் இருக்கிற கொஞ்சத் தெம்பை எங்கே வைப்பது என்பது மட்டும்தான் என் கையில் இருக்கிறது. அதை மண்டப வாசலில் வைக்கப்போவதில்லை. கல்யாணம் முடிந்து நீங்கள் இரண்டு பேரும் நம் வீட்டுக்கு வரும்போது, ஆரத்தி எடுக்கிறவர்கள் எடுக்கட்டும், நான் வாசலில் நிற்பேன். யாரையும் பிடித்துக்கொள்ளாமல் நிற்பேன். ஊரில் உள்ள அத்தனை பேருக்கும் சொல்லாமல் சேர்த்து வைத்த ஒரே ஒரு "வா கண்ணு"வை அவளுக்குச் சொல்வேன். அப்புறம் உள்ளே போய்ப் படுத்துவிடுவேன், என்னை எழுப்பாதீர்கள். இரண்டு நாள் கழித்து என் அறைக் கதவைத் திறந்து, "அத்தை, எப்படி இருக்கறீங்க?" என்று அவளைக் கேட்கச் சொல். "முடியல கண்ணு, இப்படி வந்து பக்கத்துல உக்காரு" என்பேன்.

உன் அம்மா